ஒரு வானுக்குள் அடங்கிய ஊரின் விளையாட்டு விழா

எங்கேயோ ஒரு சின்னத் தீவு நாடு, அயல்நாடுகளின் விளையாட்டு விழாவை முதன்முறையாக நடத்தப்போகிறது என்று பத்திரிகையின் மூலையில் ஒரு செய்தி வந்திருந்தது. எண்பதுகளின் கடைசி. வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தால் எங்கள் ஊர்ச்சங்கத் தலைவர் நிம்மதியாக இருந்திருப்பார். அவர் அதை வெட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

லண்டனில் அப்போது யாழ்ப்பாணத்து ஊர்கள் பலவற்றுக்கும் ஆளுக்கொரு சங்கம் இருந்தது. கோடையில் எல்லாச் சங்கங்களும் கூடி ஓடும், குதிக்கும், கயிறிழுக்கும், ரோல்ஸ் தின்னும். நடத்துவது எப்போதும் பெரிய ஊர்கள். அடுத்த முறை நாங்கள் நடத்துகிறோம் என்று தலைவர் கூட்டத்தில் எழுந்து சொன்னதும், பெரிய ஊரொன்றின் செயலாளர் சிரித்தார்.

"அண்ணை, உங்கட ஊர் முழுக்க ஒரு வான் வண்டிக்குள்ள அடங்கிடும். அணிநடைக்கு ஆக்களை வாடகைக்கோ எடுக்கப்போறியள்?"

"வந்து பாரும் ஐசே. எங்கட கொடிக்குப் பின்னால ஆக்கள் வருவினம்."

ஓட்டத்தில் தோற்கலாம், அதில் பழகியிருந்தோம். கொடி பிடித்துக் கைவீசி நடக்கும் அணிநடையில் மானம் போனால் அடுத்த கோடைவரை கல்யாண வீடுகளில் தலைகாட்ட ஏலாது.

வடக்கு லண்டனில், எட்மண்டனில் ஒரு பள்ளிக்கூட மைதானம் கிடைத்தது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று ஆளுக்கொரு பதவி கொடுத்தோம். ஓட்டம் தொடக்க ஒருவர், அவருக்கு உதவியாளர். முதலுதவிக்கு, மருந்துக்கடையில் பெட்டி தூக்கியவர். தேநீர் மேசைக்குப் பெண்கள், அவர்களை மேற்பார்வை செய்ய இன்னும் சில பெண்கள். பிள்ளைகளுக்குப் பதக்கத் தட்டு. புத்தகம் வாசிக்கிறவன் என்ற குற்றத்துக்காக எனக்கு ஒலிபெருக்கி.

விழாவன்று காலை ஒவ்வோர் ஊராக அணிநடை போனார்கள். கடைசியாக விழா நடத்தும் ஊரின் முறை. தலைவர் கோட்டும் சூட்டுமாகக் கொடியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பின்னால் புல் மட்டும்தான் நின்றது.

"எங்கையடா எல்லாரும்?"

"டியூட்டியில நிக்கினம் அண்ணை," என்றேன்.

"டியூட்டியை விட்டிட்டு வரச்சொல்லு! நீயும் வா!"

ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன். கையில் பொய்த்துப்பாக்கியோடு ஒருவர் வந்தார். முதலுதவிப் பெட்டி வந்தது. தேநீர் மேசை ஏப்ரனோடும் அகப்பையோடும் வந்தது. வாலில் நான், எங்களை நானே அறிவித்துக்கொண்டு: "இப்போது வீறுநடை போட்டு வருபவர்கள்..." அதற்குமேல் மைக் வயர் எட்டவில்லை. மைக்கைப் புல்லில் வைத்துவிட்டு நடந்தேன்.

மைதானம் முழுக்க அமைதி. இருபது முப்பது பேர் நடப்பதை இத்தனை பேர் வாய் பேசாமல் பார்ப்பது நல்ல சகுனமாகத் தெரியவில்லை. தலைவருக்கு இடது கையும் இடது காலும் ஒன்றாகப் போகத் தொடங்கின. தலைவர் எவ்வழியோ நாங்களும் அவ்வழி.

பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. புல்லில் கிடந்த மைக்கை அந்தச் செயலாளர் எடுத்திருந்தார். முடிந்தோம் என்று நினைத்தேன்.

"எல்லாரும் ஒருக்கா எழும்பி நில்லுங்கோ. வீட்டுக்காரர் வருகினம்."

கதிரைகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. தலைவர் கொடியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். கை கால் மட்டும் கடைசிவரை திருந்தவில்லை.

பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்கள் மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் ஆளில்லாத மேசையில் ரோல்ஸ் முக்கால்வாசி காலி. தலைவர் அதற்கும் சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள்.