பயித்தங்காய்க் கம்பு

எங்கள் அம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொக்குவிலில் அது ஊருக்கே தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அம்மாவும் வந்த சில வருடங்களிலேயே ‘ஆமா’வை விட்டு, யாழ்ப்பாணத்தாரை வெல்லும்படி ‘ஓம்’ போடப் பழகிவிட்டாள்.

மாசி மாதம் பிறந்தால் மட்டும் அவளுக்குக் கால் தரையில் பாவாது. தோட்டத்தில் அப்போது காமன் கூத்து. மன்மதனுக்கென்று கம்பம் நட்டுக் கும்பிட்டு, பௌர்ணமிப் பறுவத்தன்று சிவன் அவனை எரிப்பதாக ஆடிக் கொளுத்துவார்கள். ரதி அழுது மன்றாட, அவன் உயிர்த்தெழுவான். எரிந்தால்தான் எழும்பலாம் என்பாள் அம்மா. வருடாவருடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

எனக்குப் பரீட்சை வந்த வருடம் அப்பா மறித்துவிட்டார். அம்மா சண்டை பிடிக்கவில்லை. கிணற்றடிக்கு அப்பால் கரும்பும் ஆமணக்கந் தடியும் சேர்த்து வைக்கோல் சுற்றி, தானே ஒரு கம்பத்தை நட்டாள். தினமும் தோய்ந்துவிட்டு வந்து செவ்வரத்தம்பூ வைத்துக் கும்பிட்டாள். மதிலுக்கு மேலால் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு மானம் போயிற்று.

பறுவத்துக்கு முதல்நாள் பண்டத்தரிப்பிலிருந்து மாமி வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. அப்பா அம்மாவின் கல்யாணத்துக்கே வராதவள், எங்கள் படலையைத் திறந்தது அன்றுதான். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் கழுவப் போன மாமியின் கண்ணில் கம்பம் பட்டுவிட்டது.

“உதென்னடா தம்பி? சூனியம் கீனியமே?”

“சீச்சீ, அக்கா. பயித்தங்காய் படர நட்டது” என்றார் அப்பா.

மாமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, மாமிக்குக் கால் துடைக்க எடுத்துவந்த துவாயோடு நின்றாள்.

“ஓம் மச்சாள், பயித்தங்காய்க்குத்தான்.”

எனக்குப் போன உயிர் வந்தது. ஓடிப்போய் விதை எடுத்துவந்து, பூவை ஒதுக்கிவிட்டு, மாமி பார்க்கப் பார்க்கக் கம்பத்தடியில் ஊன்றினேன். “கெட்டிக்காரி” என்று மாமி தலையைத் தடவினாள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாமி ஒரு கிழமை நின்றாள். பறுவம் வந்து போயிற்று. கம்பத்தை யாரும் கொளுத்தவில்லை.

கொடி நன்றாகப் படர்ந்து காய்த்தது. அம்மா விதம்விதமாகக் கறி வைத்தாள். அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் சோற்றில் மட்டும் அவள் ஒரு காயைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்குப் பயித்தங்காய் பிடிக்காதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.