மறந்துவிட்டேன் என்று சொன்ன நாள்

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பிய என் அக்கா, வாசலில் நின்றபடியே இதயத்தின் நான்கு அறைகளையும் ஒப்புவித்த மாலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தோட்டம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் உருப்போட்டும் அந்தப் பாடம் எனக்கு ஏறவில்லை. அவளோ காலையில் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே நான் வாசித்ததை ஒரே ஒரு தடவை கேட்டவள். எப்படி என்று கேட்டேன். "ஒவ்வொண்ணையும் ஒரு தேயில மரத்துல வச்சிட்டுப் போனேன்டி. நிரையில மொத மரம் வலது சோணையறை, அடுத்த மரம் இதயவறை, அதுக்கடுத்து நுரையீரல். கொழுந்து கிள்ளிக்கிட்டே போனா ரத்தமும் கூடவே ஓடி வருது" என்றாள்.

அக்கா என்னைவிட இரண்டே வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்பில் முதலாவதாக வந்த வருடம் அப்பா இறந்துபோனார். அடுத்த மாதமே அவள் பெயர் தோட்டத் தொழிலாளர் பதிவான செக்ரோலில் ஏறிவிட்டது. படிப்பு நின்றதே தவிர, படிக்கும் ஆசை நிற்கவில்லை. தினமும் மாலையில் நான் அவளுக்கு அன்றைய பாடத்தைச் சொல்ல வேண்டும். "பொஸ்தகத்த மூடு. மூடிட்டுச் சொல்லு. பாத்துப் படிச்சா கண்ணுக்குத்தான் தெரியும், மனசுக்குத் தெரியாது" என்பாள். நான் திக்கும் இடம்தான் எனக்கு விளங்காத இடம் என்பதை அவள் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். சொன்ன பாடத்தை மூன்றாம் நாள் திரும்பக் கேட்பாள், அடுத்த கிழமை மறுபடியும் கேட்பாள். "மறக்கப் போற நேரத்துல புடிச்சு இழுத்தாத்தான் அது நம்மகிட்ட தங்கும்." அப்படித்தான் நான் பாஸானேன். அப்படித்தான் உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

மறு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை அக்கா நிரப்பிக்கொண்டிருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. என்னிடம் நீட்டி, "நாளைக்குப் பதுளையில பதிவுத் தபால்ல போட்டுரு. எனக்கு வேலைய விட்டுட்டு வர முடியாதுடி" என்றாள். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் மடங்காது. வேலைக்குப் போனவள் அக்கா ஒருத்திதான்.

தபால் கந்தோர் வாசலில் அன்று வெகுநேரம் நின்றேன். அவள் பாஸானால் மேலே படிக்கப் போவாள். அவள் போனால் நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். வேறு எதுவும் அப்போது என் மனதில் ஓடவில்லை. என்னை நானே நியாயப்படுத்தக்கூட முயலவில்லை. பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்து, அங்கிருந்த குப்பைத் தொட்டியில் அதைக் கிழித்துப் போட்டேன். வீட்டில் அவள் கேட்டபோது, போட்டுவிட்டதாகத் தலையாட்டினேன். விண்ணப்பத்தின் கடைசித் திகதியும் போய், பரீட்சை அட்டையும் வராமல் போன பிறகு, "மன்னிச்சிரு அக்கா, பையில வச்சு மறந்துட்டேன். போட்டுட்டேன்னே நெனச்சிருந்தேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டாள்.

இப்போது நான் பதுளையில் விஞ்ஞான ஆசிரியை. படித்ததை எப்படி மனதில் நிறுத்துவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, தோட்டத்துப் பாடசாலைகளிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். தெரிந்த வழி ஒன்றில் பாடத்தை வரிசையாக வைக்கச் சொல்வேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்வேன். எல்லாம் நானே கண்டுபிடித்தவை போல இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நீங்க எதையாவது மறந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "மறந்திருந்தா அது எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று சமாளித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த ஞாயிறே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இன்றும் அதே மலையில்தான் கொழுந்தெடுக்கிறாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவளிடம், அன்று பதுளையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்டி" என்றாள். "பொஸ்தகம் பூரா ஞாபகம் வச்சிருந்தவ, அத மட்டும் எப்படி மறப்ப?"

"அப்பவே என்னக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா நீ அழுவ. ஒனக்குப் பரீட்ச வேற கிட்ட வந்திருச்சு."

தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "இப்பவும் எழுதலாம்க்கா. வயசுக் கணக்கெல்லாம் இல்ல. படிவத்த வாங்கி, நானே கொண்டுபோய்ப் போடுறேன்" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பல வருடங்களாக நான் காணாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது.

"வாங்கிட்டு வா" என்றாள். "போடுறதுக்கு நானே பதுளைக்கு வர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.