கெல்பியின் கடிவாளம்

ஓமானின் சோஹாரில் பஸ்ஸுக்காக டீக்கடையில் நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் ராமநாதபுரத்து முருகேசன், கட்டட சைட்டில் ஸ்காட்லாந்து என்ஜினீயர் சொன்ன கதையை எனக்குச் சொல்கிறார்.

"அவங்க ஊரு ஆத்துல கெல்பின்னு ஒரு பேய்க்குதிரை இருக்காம் சார். ஏறுனவனத் தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போயித் தின்னுருமாம். ஆனா கடிவாளத்தப் பறிச்சுட்டா அடிமையாம். ஒரு தொரை அப்படித்தான் அதக் கல்லு சுமக்கவிட்டுக் கோட்டை கட்டுனானாம்."

நல்லவேளை, அது காட்டுமிராண்டிக் காலம். இங்கே யாரும் எதையும் பறிப்பதில்லை. விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீல், முருகேசன் வந்திறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை அன்போடு வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். தங்கை கல்யாணத்துக்குக்கூடப் பூட்டு திறக்கவில்லை.

"கோட்டை முடிஞ்சதும் கடிவாளத்தத் திருப்பிக் குடுத்தாங்களான்னு அந்த என்ஜினீயரக் கேட்டேன் சார்."

"என்ன சொன்னார்?"

"யல்லா, சீக்கிரம் கல்லத் தூக்குன்னாரு."