சத்தமில்லாத ஒன்பது நிமிடம்

எந்த செல்லையும் கொளஞ்சியப்பன் சும்மா திருப்பிக் கொடுப்பதில்லை. கேட்ட படத்தை ஏற்றி முடித்ததும் அதில் ஒரு தேங்காயை உடைத்துப் பார்ப்பார். நாற்பது நொடிப் படம் அது. கடை திறந்த அன்று அவருடைய மச்சான் பாண்டியன் வாசல் கல்லில் தேங்காய் உடைத்ததை ஒரு பழைய கல்யாண கேமராவில் எடுத்து வைத்திருக்கிறார். பாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டுவார், தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றுவார், ஓங்குவார், போடுவார். தேங்காய் கல்லில் படுகிற இடம் வரும்போது கொளஞ்சியப்பன் செல்லைக் காதுப் பக்கம் சாய்த்துக்கொள்வார். உடைவதும் சத்தமும் ஒன்றாக வரவேண்டும். அரை நொடி பிந்தினாலும் செல்லை உள்ளே வைத்துவிட்டு, "நாளைக்கி வாங்க" என்பார்.

"பாட்டுதானங்க, லேசா முன்னப் பின்ன இருந்தா என்னா?" என்று கேட்டவர்கள் உண்டு.

"அவன் வாய மூடுனப்புறம் பாட்டு வந்தா அது பேய்ப் படங்க. அத ஏன் காசு குடுத்து வாங்கிக்கினு போறீங்க?"

கடை கடலூர் முதுநகரில், ஜங்ஷனுக்குப் போகிற சாலையில், ஒரு சைக்கிள் கடைக்கும் ராஜாமணியின் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஆறடி அகலம். கொளஞ்சியப்பனுக்கு மங்கலம்பேட்டைப் பக்கம் சொந்த ஊர். கரும்பும் மல்லாட்டையும் போடுகிற வீடு. பன்னிரண்டாவது தவறியதும் சிதம்பரத்தில் ஒரு வீடியோக் கடையில் சேர்ந்து ஏழு வருஷம் கல்யாண கேசட் வெட்டி ஒட்டினார். காது கூர்மையானது அங்கேதான். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புவதற்குள் சத்தம் வந்துவிட்டால் முதலாளி கேசட்டை மடியில் தூக்கிப் போட்டுவிடுவாராம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

2006-ல் கடலூருக்கு வந்து தனியாகக் கடை போட்டபோது ஊரெல்லாம் செல் வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வயிறு. ஒன்று தின்பதை இன்னொன்று தின்னாது. ஒரு படத்தைச் சின்னதாக்கி, இளைக்க வைத்து, அந்தந்த செல் செரிக்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். எந்த செல்லுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதைப் பலகைச் சுவரில் மார்க்கரால் எழுதி வைத்திருப்பார். கம்பெனிப் பெயர் எழுதமாட்டார். விலை கூடின, நிதானமான செல்லுக்கு "மாமா" என்று பெயர். மலிவாக வந்து, நாலு ஸ்பீக்கரும் ஏழு விளக்குமாகக் கத்துகிற செல் "மச்சான்". "மாமாவுக்கு எத வச்சாலும் சாப்புடுவாரு. மச்சானுக்கு வாய்தான் ஜாஸ்தி. ரெண்டு நிமிஷத்துல படுத்துக்குவான்."

அவர் மனைவி ஞானாம்பாளுக்கு இதில் ஒரு குறை உண்டு. "ஊர்ல இருக்கற செல்லுல எல்லாம் தேங்கா ஒடைக்கிறாரு. வூட்ல சட்னிக்கு ஒரு தேங்கா வாங்கியாறச் சொன்னா மறந்துட்டு வராரு."

2009 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மழைக்கு நடுவே சோனாங்குப்பத்திலிருந்து அஞ்சம்மாள் தன் மகளோடு கடைக்கு வந்தார். அஞ்சம்மாள் மீன் விற்கிறவர். மகள் இளவரசிக்கு இருபத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சு வராது. அவள் புருஷன் ஜெயப்பிரகாஷும் அப்படித்தான். இருவரும் காது கேளாதோர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவனுக்குச் சென்னையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை.

"எட்டு மாசமா எங்கூடத்தான் இருக்கறா தம்பி. மாமியாக்காரி ஏதோ சொல்லிட்டான்னு துணிப்பையத் தூக்கிக்கினு வந்துட்டா. அவன் இத்தினி நாளா ஒண்ணும் சொல்லல. இப்ப இத அனுப்பிச்சிருக்கான்." காகிதத்தில் மடித்திருந்த மெமரி கார்டை அஞ்சம்மாள் மேசையில் வைத்தார். "ஞாயித்துக்கெழம ரெண்டு பக்கத்து ஆளுங்களும் ஒக்காந்து பேசறாங்க. சேந்திருக்கறதா, அத்துக்கறதான்னு. அதுக்குள்ள இதுல என்னா சொல்றான்னு இவ பாத்துடணும்."

"நீங்க பாத்தா தெரியாதாக்கா?"

"நானும் இவளும் வூட்ல பேசிக்கிற கை வேற தம்பி. அதுங்க ரெண்டும் பேசிக்கிறது பள்ளிக்கூடத்துக் கை. அது ஓடற வேகத்துக்கு எனக்கு ஒண்ணும் வெளங்காது."

கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டார். படம் தெளிவாக ஓடியது. காலண்டர் மாட்டிய சுவருக்கு முன்னால் ஒல்லியான ஓர் ஆள் நின்று கைகளால் பேசிக்கொண்டிருந்தான். ஒன்பது நிமிடம். "இங்கயே பாத்துக்கட்டுமே" என்று திரையை இளவரசி பக்கம் திருப்பினார். டீக்கடை பெஞ்சில் இருந்த நான்கு பேரும் அதே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். இளவரசி அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கையை நீட்டித் திரையின் பொத்தானை அழுத்தி அணைத்தாள். பிறகு தன் செல்லை எடுத்து மேசையில் வைத்தாள். சரியான மச்சான் செல்.

அந்த செல்லுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. படத்தையும் சத்தத்தையும் முழுசாகக் கொடுத்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். எதையாவது குறைத்தாக வேண்டும். எதைக் குறைப்பது என்பதில் கொளஞ்சியப்பனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. "படம் கொஞ்சம் துள்ளுனா கண்ணு பழகிக்கும். காது பழகாது" என்பார். ஆகவே ஒரு நொடிக்கு முப்பது படம் இருந்ததை எட்டாகக் குறைத்தார். சத்தத்தைத் தொடவில்லை. சத்தம் என்று அதில் இருந்தது ஒரு ஃபேன் ஓடுவதும், பக்கத்து அறையில் ஏதோ மெஷின் 'தடக் தடக்' என்று அடிப்பதும்தான். அதையும் சுத்தமாகக் கேட்கும்படி செய்துவைத்தார். நடுவில் இரண்டு முறை கரண்டு போனது. இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இளவரசி தனியாக வந்தாள். அரை நிமிடம் பார்த்தாள். நிறுத்தினாள். மேசையில் கிடந்த சீட்டை எடுத்து எழுதினாள்: "விரல் காணோம்."

கொளஞ்சியப்பனுக்குப் புரியவில்லை. "சவுண்டு கரெக்டா இருக்கும்மா. நானே ரெண்டு தடவ கேட்டேன்" என்றார்.

டீ கொண்டுவந்த ராஜாமணி கிளாசை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "யாருகிட்ட மச்சான் சவுண்டு சவுண்டுங்கற?"

கொளஞ்சியப்பன் டீயைத் தொடவில்லை. இளவரசி தன் வலது கையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். விரல்கள் விரிந்திருந்தன. சட்டென்று அதை நெஞ்சுப் பக்கம் கொண்டுபோய், மூடிய கையாகக் காட்டினாள். மறுபடி முகத்துக்கு முன். மறுபடி நெஞ்சில். பிறகு அதையே மெதுவாகச் செய்தாள். இங்கிருந்து அங்கே போகிற வழியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, ஒன்று மட்டும் நின்றது, மணிக்கட்டு திரும்பியது. அந்த வழியில்தான் பேச்சு இருந்தது. அதைத்தான் அவர் வெட்டி எறிந்திருந்தார்.

சீட்டில் அடியில் இன்னொரு வரி எழுதி அவர் பக்கம் தள்ளினாள்: "சத்தம் வேண்டாம்."

பதினெட்டு வயதிலிருந்து செய்கிற வேலையில் சத்தத்தை முழுதாக எடுத்துப் போட்டது அன்றைக்குத்தான். எடுத்ததும் செல்லுக்குச் சுமை குறைந்தது. நொடிக்கு இருபத்தைந்து படம் வைத்துப் பார்த்தார், நின்றது. இருபது வைத்தார், திணறியது. பதினெட்டில் ஓடியது. ஆனால் அந்தச் சின்னத் திரையில் விரல் ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. சுவரையும் காலண்டரையும் வெட்டினார். இடுப்புக்கு மேலே அவன் மட்டும் நிற்கும்படி செய்தார். மூன்று நிமிடத்துக்கு மேல் செல் சூடாகிப் படுத்துவிடுகிறது என்று ஒன்பது நிமிடத்தை மூன்று துண்டாக்கினார். எந்த இடத்தில் வெட்டுவது? பேச்சு எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. அவன் கையைக் கீழே இறக்கி மூச்சு விட்ட இடமாகப் பார்த்து வெட்டினார்.

அந்தப் படத்தை அவர் பதினோரு முறை பார்த்தார். ஒரு விரலும் விடாமல் பார்த்தார். ஒரு வார்த்தையும் தெரியாமல் பார்த்தார். ஏமாற்றுகிறானா, கெஞ்சுகிறானா, சண்டை போடுகிறானா? நடுவில் ஓரிடத்தில் அவன் சிரித்தான். அது என்ன சிரிப்பு என்று இவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இளவரசி செல்லை வாங்கிக்கொண்டு சைக்கிள் கடைச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள். உள்ளேயிருந்து அவருக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. மூன்று துண்டையும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். இரண்டாம் முறை பார்க்கும்போது அவளுடைய இடது கை மட்டும் இடுப்பளவில் எழுந்து ஏதோ சொல்லிவிட்டு இறங்கியது. செல்லுக்குள் இருப்பவனுக்குச் சொன்ன பதில். பிறகு மழையில் பஸ் ஸ்டாப் பக்கம் போனாள்.

ஒரு மாதம் கழித்து அஞ்சம்மாள் வந்தார்.

"போயிட்டா தம்பி" என்றார். "பெரியவங்க பேசறதுக்கு முன்னாடியே இவ பையக் கட்டிட்டா. அன்னிக்கே அவங்கூட ரயிலேறிட்டா."

"அப்பிடி என்னாக்கா சொல்லியிருந்தான்?"

"எங்கிட்ட எங்க சொன்னா? கேட்டா சிரிக்கிறா." அஞ்சம்மாள் மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "நீ அத ஓட வைக்காம இருந்திருந்தா எங்கூடவே இருந்திருப்பா."

அது குற்றமா, நன்றியா என்று கொளஞ்சியப்பனுக்குத் தெரியவில்லை. ஞானாம்பாளிடம் அன்று ராத்திரி சொன்னார். "நல்லது பண்ணனா, கெடுதி பண்ணனான்னே புரியலடி. என்னா சொன்னான்னு தெரியாம ஓட வச்சிட்டன்."

"ஓட வைக்கிறதுதான உங்க வேல" என்றாள் ஞானாம்பாள். "ஊர்ல போடற காயிதத்த எல்லாம் போஸ்ட்மேன் பிரிச்சிப் பாத்தா குடுக்கறாரு?"

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து அஞ்சம்மாளுக்கு ஒரு கார்டு வரும். ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் இளவரசி அம்மாவோடு வீட்டில் பேசுகிற கையால் பேசுவாள். அஞ்சம்மாள் செல்லுக்குத் தகுந்தபடி மாற்றுவது கொளஞ்சியப்பன். சத்தம் எடுத்து, சுவர் வெட்டி, விரல் தெரிகிற வரைக்கும் பார்ப்பார். பள்ளிக்கூடத்துக் கை போல் இல்லை இது. தாயும் மகளும் அடுப்படியில் உண்டாக்கிக்கொண்ட கை. சோறு, மழை, தலைவலி, மாமியார், எல்லாம் நேரில் பார்த்த மாதிரியே கையில் தெரியும். ஒரு வருஷத்தில் அவருக்குத் தெரியாமலே அவருக்கு அது புரிய ஆரம்பித்துவிட்டது.

2011 பங்குனியில் ஒரு கார்டு வந்தது. அஞ்சம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரே நின்றார். கொளஞ்சியப்பன் வழக்கம்போல் சோதித்துக்கொண்டிருந்தார். படத்தில் இளவரசி வயிற்றில் கை வைத்தாள். குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி இரண்டு கையையும் ஆட்டினாள். பிறகு அந்தக் கைகளைப் பிரித்து வெறுமையாகக் காட்டினாள். கொளஞ்சியப்பன் நிமிர்ந்தார். அஞ்சம்மாள் செல்லைப் பார்க்கவில்லை. கொளஞ்சியப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி. என்னா சொல்றா எம் பொண்ணு?"

கொளஞ்சியப்பன் செல்லைக் கையில் கொடுத்தார். ஆனால் அந்த அம்மாவுக்குச் சேதி அவர் முகத்தில் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. மகள் தானாகச் சொல்ல வேண்டியதை மகளுக்கு முன்னால் இவர் சொல்லிவிட்டார். அஞ்சம்மாள் கூடையைக் கடையிலேயே விட்டுவிட்டு ரயிலடிக்கு நடந்தார். அன்றைக்கே சென்னை போய், ஒரு மாதம் மகளோடு இருந்துவிட்டு வந்தார்.

இப்போது 2012. இளவரசியும் ஜெயப்பிரகாஷும் மாமியாரை விட்டுத் தனியாக, ஒரே அறையில் குடியிருக்கிறார்கள். கார்டு வருவது நிற்கவில்லை. வடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் காது கேளாதவர்கள் நாலைந்து பேர் செல்லைத் தூக்கிக்கொண்டு கொளஞ்சியப்பனைத் தேடி வருகிறார்கள். மற்ற செல்களில் தேங்காய் உடைகிறது. போன வாரம் அஞ்சம்மாள் வந்திருந்தார். படத்தை ஏற்றி, முதல் ஐந்து நொடி மட்டும் பார்த்தார் கொளஞ்சியப்பன். விரல் ஐந்தும் தெரிந்தன. உடனே செல்லை அஞ்சம்மாள் பக்கம் திருப்பி மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, படம் முடிகிற வரைக்கும் சாலையில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.