மூன்று நொடிக்கு மேல் நிறுத்தினால்

1. எங்கள் பள்ளிக்குப் பதினைந்து டேப்லெட்டுகள் வந்தன.
2. அவற்றில் வாசிப்புச் செயலியை நிறுவியது கணினி ஆசிரியையான நான். பிள்ளைகள் சத்தமாக வாசித்தால் அது கேட்டு, ஒன்று முதல் நான்கு வரை ஒரு நிலை தரும்.
3. மூன்று நொடிக்கு மேல் குரல் வராவிட்டால், அடுத்த சொல் தெரியவில்லை என்று அது எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.
4. ஆறாம் வகுப்பில் நன்றாக வாசிக்கும் ஒரு பெண்ணுக்கு நிலை ஒன்று வந்தது.
5. பட்டியலைச் சரிபார்க்காமல் மேலே அனுப்பிவிட்டேன்.

நிலை ஒன்று என்றால் எழுத்துப் பயிற்சி. மாலை மூன்றரைக்கு மற்றவர்கள் விளையாடப் போகும்போது, அ, ஆ அட்டைகளோடு உட்கார வேண்டும்.

அவள் குரல் பதிவைப் பிறகுதான் கேட்டேன். ஒரு வாக்கியம் வாசிக்கிறாள். நிறுத்துகிறாள். மின்விசிறிச் சத்தமும், வெளியே திருவேங்கடம் போகும் பஸ்ஸின் ஹாரனும் கேட்கின்றன. பிறகு அடுத்த வாக்கியம். எங்கும் தடுமாற்றம் இல்லை. பக்கத்தில் இருந்த தமிழாசிரியை அரை நிமிடம் கேட்டார்.

"இது சர்ச்சுல வேதம் வாசிக்கிற பிள்ளைல்லா. பின்னால இருக்கவங்களுக்கும் விளங்கணும்னு ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தித்தான் வாசிக்கும். உன் மெஷினுக்கு மூச்சு விடவே தெரியாதோ மக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவள் அம்மா விசைத்தறியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. பிள்ளை என்ன தப்புச் செய்தாள் என்று மட்டும் கேட்டார். நொடிக் கணக்கை விளக்கினேன்.

"அப்ப தப்பு எம்பிள்ளை மேல இல்லல்லா டீச்சர்? அதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க. ரெண்டு நாளா வாயத் தொறக்க மாட்டேங்கா."

சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நிறுத்தாமல் வாசித்தால் நாலு கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். கேட்டதற்குச் சரியான பதில்தான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

திங்கட்கிழமை அவளாகவே கணினி ஆய்வகத்துக்கு வந்தாள்.

"நேத்து சர்ச்சுல நிறுத்தாம வாசிச்சேன் மிஸ். ஒருத்தருக்கும் விளங்கலையாம். அடுத்த வாரத்துல இருந்து வேற ஆளு வாசிக்கட்டும்னுட்டாங்க."

குறை சொல்லும் குரல் இல்லை. எனக்குத் தெரிய வேண்டிய ஒரு தகவல் போலச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அன்றே மூன்றை எட்டாக மாற்றினேன். அது இனி வாசிப்பவர்களுக்குத்தான். முடிந்த தேர்வின் நிலையை மாற்றும் அனுமதி எங்கள் கணக்கில் இல்லை. செயலி நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். இரண்டு பதில்கள் வந்தன, இரண்டும் இயந்திரம் அனுப்பியவை. அவளை நூலகத்தில் உட்கார விடலாமே என்று தமிழாசிரியை கேட்டதற்கு, பட்டியலில் உள்ளபடிதான் வருகை பதிய முடியும் என்றார் தலைமையாசிரியை. அவர் சொல்வதும் விதிப்படி சரிதான். சர்ச்சுக்குப் போய் நானே பேசட்டுமா என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போதைக்கு அவள் நிலை ஒன்றில்தான் இருக்கிறாள். மூன்றரைக்கு அட்டை வகுப்புக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை வேறொரு பெண் வாசிக்கிறாள்.