விசுவாசிகள் அழக்கூடாது

கண் மங்கிப்போன அம்மாவுக்கு மத்தியான வேளைகளில் புத்தகம் படித்துக் காட்டுகிறேன். இப்போது படிப்பது, அடிமையாக இருந்து தப்பித்த ஒரு பெண் எழுதிய வாழ்க்கைக் கதை. அவளுடைய மகனைச் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். அழுதால் சவுக்கடி விழும் என்று எஜமானி மிரட்டுகிறாள். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் செம்பாக்கத்தில் இருந்தோம். தம்பி ஜோயல் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கத்துக்கு மறுநாள் சபைப் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். வீட்டில் பினாயில் வாடையும் சம்பங்கி வாடையும் இன்னும் போகவில்லை.

"அழாதீங்க சிஸ்டர். ஜோயல் கர்த்தர்கிட்ட இருக்கான். விசுவாசிங்க அழக்கூடாது," என்றார் மெர்சி ஆன்ட்டி.

அம்மா அதுவரை அழவே இல்லை. வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"லாசரு கல்லறைகிட்ட இயேசு அழுதாரேக்கா. அவருக்கு விசுவாசம் இல்லையா?"

மெர்சி ஆன்ட்டிதான் முதலில் விம்மினார். கல்யாணமான புதிதில் அவரும் ஒரு பெண் குழந்தையைப் புதைத்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க," என்று அம்மாவின் தோளில் சாய்ந்தார். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். அன்றைக்கு ஜெபம் நடக்கவில்லை.

"ஏன் படிக்கிறதை நிறுத்திட்டே?" என்று கட்டிலில் படுத்திருந்த அம்மா கேட்டாள். "அவளுக்குப் பையன் திரும்பக் கிடைச்சானா?"

நான் கடைசிவரை முன்பே படித்திருந்தேன்.

"இல்லம்மா."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அப்போ நாளைக்குப் படி. இன்னிக்கு முடியலடி."