சலைனில் இறங்கிய கறுப்பு

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஓசூரில் ஸ்பீக்கர் காந்தம் செய்துகொண்டிருந்த ஒரு முதலாளிக்கு மருத்துவத்தில் இறங்கும் ஆசை வந்தது. ஸ்கேனில் ஈரல் தெளிவாகத் தெரிவதற்காக ஊசியில் ஏற்றுகிற, கண்ணுக்குத் தெரியாத இரும்பு நானோ துகள். அதைச் செய்ய வேதியியல் படித்த என்னை வேலைக்கு வைத்தார்.

துகள்மேல் சர்க்கரை வகைப் பூச்சு ஒன்று ஏற வேண்டும். ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீரில் டிகாஷன் போலக் கலந்தே நிற்கும். மாதக்கணக்கில் நாயாக உழைத்து அதைப் பிடித்தேன்.

முதலாளி பாட்டிலின் பக்கத்தில் காந்தத்தை வைத்தார். காந்தத்தின் பக்கம் ஒன்றும் ஓடவில்லை. ஓடாததுதான் நல்லது, ஓடினால் கட்டி தட்டிவிட்டதாக அர்த்தம் என்றேன். ஷிப்டு ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“காந்தத்துக்கே அசையாததை வெச்சிக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா? காந்தம் வித்தே தலை நரைச்சவன் நான். கலர் தண்ணி பண்ணியிருக்கற.”

சொல்லிக்கொண்டே மொத்தத்தையும் சிங்க்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

“பூச்சு கீச்செல்லாம் வேணாம். வெறும் துகள் பண்ணு. பாய்ஞ்சி வரணும்.”

“சரிங்க சார்” என்றேன். ஆர்டர் கொடுக்க வரும் பெங்களூர் டாக்டர் முதலில் சலைனில் ஊற்றித்தான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மனசில்லை. கேட்டபடியே, ஒரு குறையும் வைக்காமல் செய்தேன்.

டாக்டர் வந்தார். “எல்லாம் என் ஐடியாதான் சார்” என்று முதலாளி காந்தத்தைக் காட்டினார். கறுப்பு பாய்ந்து வந்து ஒட்டியது. டாக்டர் அசரவில்லை, சலைன் கேட்டார். காலையிலேயே மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்தேன். ஓடிப்போய் நானே எடுத்துக் கொடுத்தேன்.

ரத்தத்தில் இருக்கிற அளவு உப்புதான் அதில். பூச்சில்லாத துகளை ஒட்டவைக்க அதுவே போதும். ஊற்றியதும் கறுப்பு, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக அடியில் இறங்கியது.

“இது ரத்தக் குழாய்ல போனா அடைச்சிக்குமே. பூச்சு ஏன் போடல?” என்றார் டாக்டர்.

முதலாளி சட்டென்று என்னைக் காட்டினார். “இந்தப் பொண்ணுதான் சார் பண்ணுச்சி.”

“முதல்ல பூச்சு போட்டுத்தான் பண்ணினேன் சார். அதை இவருதான் எல்லார் முன்னாடியும் சிங்க்ல ஊத்தினாரு.” அன்று சிரித்தவர்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

ஆர்டர் போனது. மறுநாள் என் வேலையும் போனது. போகட்டும். கிருஷ்ணகிரி பஸ் குருபரப்பள்ளியில் நின்றபோது இறங்கி வயிறு முட்ட பரோட்டா தின்றேன். டாக்டரின் பின்னாலேயே கார்வரை முதலாளி கெஞ்சிக்கொண்டு ஓடியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நன்றாகப் பசிக்கிறது.